லேசான தலைக்காயமும் நோயெதிர்ப்புச் செல்களும்

தலையில் அடிபட்டுச் சில நொடிகள் நினைவு தப்பி, பின்னர் தெளிந்து பேசத் தொடங்கும் ஒருவரின் சிடி ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால், அவருக்கு ஒன்றுமில்லை என்று வீட்டார் நிம்மதியடைகின்றனர். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு நினைவுத் தெளிவை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை பெறும் இத்தகைய காயத்தில், ஸ்கேனுக்குப் புலப்படாத அளவில் நோயெதிர்ப்பு மண்டலம் பல நாட்கள் வேலை செய்கிறது.

அந்த வேலையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டோரியன் மெக்காவர்ன் குழுவினர் 2014-இல் நேரடியாகவே கண்டனர். எலியின் மண்டையோட்டை ஒளி ஊடுருவுமளவு மெலிதாகச் சீவி, அதன்மீது மெல்ல அழுத்தி, நுண்ணோக்கியால் பார்த்தபோது, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் இரத்தக் குழாய்கள் கசிந்தன. அங்கிருந்த மேக்ரோஃபேஜ் எனும் விழுங்குசெல்கள் மடிந்தன. சிதைந்த செல்களிலிருந்து வெளியேறிய ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறே அபாய அறிவிப்பாக அமைய, மூளைக்குள்ளேயே வாழும் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா தம் கிளைகளை நீட்டி, சேதமடைந்த எல்லையைத் தேன்கூடு போன்ற வலையால் மூடின. அந்த அறிவிப்பைச் செல்கள் உணரவிடாமல் மருந்தால் தடுத்தபோது பாதிப்பு அதிகரித்தது. ஆகவே அழற்சி, அதாவது காயத்துக்கு நோயெதிர்ப்புச் செல்கள் காட்டும் எதிர்வினை, முழுக்கத் தீங்கானது என்றும் அதை உடனே அடக்கிவிட வேண்டும் என்றும் கருதுவது தவறு.

உறையின் சீரமைப்பு அதன் பிறகே நடக்கிறது. 2018-இல் இதே ஆய்வகம் காட்டியபடி, இரத்தத்திலிருந்து வரும் மோனோசைட் செல்கள் முதலில் காயத்தின் நடுப்பகுதியில் இறந்த செல்களை அகற்ற, வேறொரு வகை விழுங்குசெல்கள் அதன் விளிம்பில் நின்று புதிய இரத்தக் குழாய்கள் வளரத் துணைபுரிகின்றன. எலிகளில் ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும் இப்பணி, தொடக்கத்திலேயே இன்னோர் அடி விழுந்தால் குலைகிறது. மனிதரிடமும் இதற்கு இணையான தடயம் உண்டு: லேசான காயமுற்ற 142 பேரை எம்ஆர்ஐ மூலம் ஆராய்ந்தபோது, 49 விழுக்காட்டினரிடம் மூளையுறைக் கசிவு தென்பட்டது. இத்தகைய கசிவு பெரும்பாலோரிடம் மூன்று வாரங்களுக்குள் சீராகிவிட்டாலும், சிலரிடம் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

எனவே தலையில் அடிபட்ட மாணவரை, தலைவலியும் மயக்கமும் முற்றிலும் நீங்கி மருத்துவர் அனுமதிக்கும்வரை, பயிற்சியாளர்களும் பெற்றோரும் மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது.