மோதிரமும் மறுமொழியும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் செவிலியர் படிப்பை முடித்து, மூன்று ஆண்டுகளாக அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். மகன் கைப்பேசியில் அனுப்பியிருந்த நீண்ட செய்தியைத் தாய் நம்மிடம் காட்டினார்.

உடன் பணிபுரியும் கால்வே நகரத்துப் பெண்ணொருத்தியை அவர் விரும்புகிறார். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தன் விருப்பத்தை அவளிடம் முறையாகக் கேட்க அவர் ஒரு திட்டம் வகுத்திருந்தார். அட்லாண்டிக் கடலோரத்திலுள்ள மோகர் பாறைகளுக்கு அவளை அழைத்துச் செல்வது. கதிரவன் மறையும் வேளையில் மக்கள் கூடியிருக்கும் இடத்தில் முழந்தாட்படியிடுவது. நண்பர்கள் படம் பிடிக்க, வைர மோதிரத்தை நீட்டுவது. இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஈடான அந்த மோதிரத்துக்கு வங்கிக் கடனும் கேட்டிருந்தார்.

தாயின் மனத்தாங்கல் இரண்டு. “பெண் கேட்டுப் போகப் பெரியவர்கள் இல்லையா, ஐயா?” என்பது ஒன்று. மற்றது இன்னும் கூர்மையானது. “என் நகையை அடகிலிருந்து மீட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. கடன் வாங்கி மோதிரம் வாங்கினால், மருமகள் வருமுன்னே வட்டி வந்துவிடுமே!” என்றார்.

மகனுக்கு என்ன எழுதலாம் என்று அவர் நம்மைக் கேட்டார். நம் பங்குகளிலிருந்து அயல்நாடு சென்ற பிள்ளைகள் பலர் உள்ளனர். இக்கேள்வி பல வீடுகளில் எழக்கூடியதே. ஆதலால் அன்று நாம் எழுதியதையும் அதன் பின் நிகழ்ந்ததையும், அவர்களுடைய இசைவுடன் இங்கே தருகிறோம்.

கிணற்றங்கரையில் தொடங்கிய கேள்வி

பெரியவர்கள் பெண் கேட்பதும், ஆணே நேரில் கேட்பதும் வெவ்வேறு வழக்கங்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை. தொடக்கநூல் 24ஆம் அதிகாரத்தில், தன் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடும்படி ஆபிரகாம் தம் ஊழியனை அனுப்புகிறார். ஊழியன் ரெபேக்காவைக் கிணற்றங்கரையில் காண்கிறான். பொன் மூக்கணியும் காப்புகளும் தருகிறான். அவளுடைய வீட்டாரிடம் பேசி முடிக்கிறான். எல்லாம் முடிந்த பின்னரும் தாயும் தமையனும் ஒரு செயல் செய்கின்றனர். அவளையே அழைத்து, இம்மனிதனுடன் போக உனக்குச் சம்மதமா என்று கேட்கின்றனர். அவள் தன் வாயால் சம்மதம் சொன்ன பிறகே பயணம் தொடங்குகிறது.

அயர்லாந்திலும் முற்காலத்தில் தரகர்கள் இருந்தனர். உழவர் குடும்பங்களில் பெண்ணின் சீரும் மாப்பிள்ளையின் நிலமும் பேசி முடிக்கப்பட்டன. கிளேர் மாவட்டத்தில் லிஸ்டூன்வார்னா என்னும் சிற்றூரில், செப்டம்பர் மாதந்தோறும் வரன் பார்க்கும் விழா ஒன்று இன்றும் நடைபெறுகிறது. பெப்ருவரி 29ஆம் நாள் பெண்களே ஆண்களிடம் மணம் கேட்கலாம் என்ற வழக்கமும் அங்கு உண்டு. புனித பிரிஜித்தம்மாள் புனித பத்ரீசியாரிடம் பெண்களுக்காக வாதாடி அந்த உரிமையைப் பெற்றார் என்பது மக்கள் சொல்லும் கதை. வரலாறு அன்று, ஆயினும் வாய் திறக்க வழியின்றிக் காத்திருந்த பெண்களின் ஏக்கம் அக்கதையில் ஒலிக்கிறது.

எனவே, கேட்பவர் யார் என்பதைவிட, கேட்கப்படுபவர் அஞ்சாமல் மறுமொழி கூற இயலுமா என்பதே முதன்மையான கேள்வி. இடத்தையும் மோதிரத்தையும் இந்த ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்குமாறு அந்த இளைஞருக்கு எழுதினோம்.

எந்த இடம்?

மோகர் பாறைகள் காணத்தக்க இடமே. கடலிலிருந்து செங்குத்தாக எழும் அப்பாறைகள், உயர்ந்த இடத்தில் ஏறத்தாழ 214 மீட்டர் உயரமுடையவை. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வருகின்றனர். அதுவே தடையுமாகும். காற்றின் இரைச்சலில் மெதுவாகப் பேச முடியாது. முன்பின் அறியாத நூறு பேர் கைதட்டக் காத்து நிற்கையில், ‘எனக்குச் சற்று அவகாசம் வேண்டும்’ என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? அவள் தலையசைப்பாள். அது உள்ளத்திலிருந்து வந்த சம்மதமா, கூட்டத்துக்கு அஞ்சி வந்த சம்மதமா என்பது அவளுக்கே பல நாள் தெரியாமல் இருக்கலாம்.

அதற்கு மாறாக, டப்ளினுக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் விக்லோ மலைகளுக்கிடையே கிளென்டலோக் என்னும் இடம் உண்டு. ‘இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் அங்கே துறவு மடம் நிறுவினார். ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. கோடை விடுமுறையில் அங்கும் நெரிசல்தான். குளிர்கால வார நாளிலோ, மேல் ஏரிக் கரையில் இருவர் நடந்துகொண்டே பேசலாம்.

இடம் தேர்வோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. அந்த இடம் யாருக்குப் பிடித்தது, கேட்பவருக்கா, கேட்கப்படுபவருக்கா? அங்கே பத்து நிமிடமேனும் தனித்துப் பேச இயலுமா? மறுமொழி ‘இல்லை’ என்று வந்தால், இருவரும் மதிப்புக் குறையாமல் வீடு திரும்ப வழி உண்டா? அவளை அவள் வீட்டிலிருந்து நெடுந்தொலைவு அழைத்துச் சென்று, திரும்பி வரவும் தன்னையே நம்பியிருக்கும்படி வைத்துக் கேட்பது முறையன்று. படம் எடுக்க ஆள் வைப்பதானால், மறுமொழி கிடைத்த பின் எடுக்கலாமே!

எந்த மோதிரம்?

மண வாக்குறுதிக்கு மோதிரம் தருவது பழைய வழக்கம். தம் காலத்து உரோமையர் மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பினர் என்று முதல் நூற்றாண்டு அறிஞர் பிளினி குறித்துள்ளார். வைரம் ஏறியது செல்வர் வீடுகளில். அது எல்லாருக்கும் உரிய கடமை என்ற எண்ணமோ அண்மைக் காலத்தது. டி பியர்ஸ் என்னும் வைர வணிக நிறுவனம் 1938ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் நடத்திய விளம்பரங்களும், வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருளில் 1947இல் உருவான அதன் முழக்கமும் அவ்வெண்ணத்தைப் பரப்பின. மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கும் அந்நிறுவனத்தின் விளம்பரங்கள் 1980களில் கற்பித்ததே. அன்புக்கு அளவுகோலாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

கைப்பணத்துக்குள் வைரம் வாங்க விரும்புவோர்க்கும் இன்று வழி உண்டு. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படும் வைரமும் நிலத்தில் தோண்டி எடுத்ததைப் போலவே கரிமத்தால் ஆனது, கடினமும் ஒன்றே, விலையோ பன்மடங்கு குறைவு. இரண்டில் எது என்பதைச் சான்றிதழில் எழுதிப் பெறுதல் வேண்டும். தங்கத்திலும் கவனம் தேவை. நம் நாட்டு நகை பெரும்பாலும் 22 காரட்; அதன் முத்திரை 916. அயர்லாந்துக் கடைகளில் மிகுதியாக விற்பவை 9, 14, 18 காரட் மோதிரங்கள். அவற்றின் முத்திரை எண்கள் முறையே 375, 585, 750. மோதிர அளவை நாம் எண்ணால் சொல்கிறோம். அங்கே ஆங்கில எழுத்துகளால் குறிக்கின்றனர். குளிரில் விரல் சுருங்கும் என்பதால், வெதுவெதுப்பான அறையில் அளவெடுப்பதே நல்லது.

கால்வே நகரத்துப் பெண்ணுக்கு மோதிரம் தேடுபவர் அந்நகரத்தின் மோதிரத்தை அறிந்திருக்க வேண்டும். மதிலுக்கு வெளியே, கோரிப் ஆறு கடலில் கலக்குமிடத்தில் கிளாடா என்னும் மீனவர் குடியிருப்பு இருந்தது. அதன் பெயரையே தாங்கிய கிளாடா மோதிரத்தில் இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்தியிருக்கும். இதயத்தின் மேல் முடி இருக்கும். கைகள் நட்பையும், இதயம் அன்பையும், முடி பற்றுறுதியையும் குறிக்கும் என்பர். ரிச்சர்ட் ஜாய்ஸ் என்னும் கால்வே மனிதர் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜீரியாவில் அடிமையாகப் பொற்கொல்லர் தொழில் கற்று, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் விடுதலையாகி ஊர் திரும்பி இதனைச் செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கிளாடாவின் கூரை வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டன. மோதிரம் மட்டும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றுகொண்டிருக்கிறது. வலக்கையில் இதயத்தின் முனை விரல் நுனியை நோக்கினால், மணம் பேசப்படாதவர். உட்புறம் திரும்பினால், நெஞ்சில் ஒருவர் இருக்கிறார். இடக்கைக்கு மாறினால், மண வாக்குறுதி ஆயிற்று என்பது பொருள். அப்பெண்ணின் கையில் அத்தகைய மோதிரம் இருக்கிறதா என்று முதலில் கவனிக்குமாறு எழுதினோம்.

மோதிரம் விலை அன்று

மோதிரம் கொடுத்தாயிற்று, ஆதலால் மணந்தே தீரவேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் சட்டப்படி, மணமக்களின் இசைவே திருமணத்தை உண்டாக்குகிறது. எந்த மனித அதிகாரமும் அவ்விசைவுக்கு ஈடு தர இயலாது. மண வாக்குறுதி தந்த ஒருவரைத் திருமணத்துக்கு வற்புறுத்த வழக்கிட முடியாது என்கிறது 1062ஆம் சட்டம். ஏற்பட்ட இழப்புக்கு மட்டுமே ஈடு கேட்கலாம்.

அயர்லாந்து அரசின் சட்டமும் இதனோடு ஒத்துப்போகிறது. 1981ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்துக்குப் பின், மண வாக்குறுதியை மீறியதற்காக அங்கே வழக்குத் தொடுக்க இயலாது. திருமணம் நடவாவிட்டால், கொடுத்தவர் கேட்கும்போது மோதிரத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதே பொது விதி. கொடுத்தவர் இறந்ததால் திருமணம் நின்றால், மோதிரம் பெற்றவருக்கே உரியது. இதற்கு மேல், திருமணத்துக்கு மூன்று மாதம் முன்னரே பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் நம் வழக்கத்தைப் போல, இவையெல்லாம் சிந்திக்கக் காலம் தருகின்றன. கேட்பவரும் அக்காலத்தைத் தர வேண்டாமா?

பதினொரு நாட்கள்

அந்த இளைஞர் மறுமொழி எழுதவில்லை. நம் அறிவுரை அவருக்குக் கசந்திருக்கும் என்றே எண்ணினோம். மாசி மாதத்தில் தாய் மீண்டும் வந்து நடந்ததைச் சொன்னார்.

தை மாதத்தில் ஒரு வார நாள் இருவரும் கிளென்டலோக் சென்றிருக்கின்றனர். மோதிரமும் இல்லை, படம் எடுக்க ஆளும் இல்லை. ஏரிக்கரையில் நடந்துகொண்டே அவர் கேட்டிருக்கிறார். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தன் தாயிடமும் பாட்டியிடமும் பேச வேண்டும் என்றும், தன் மனத்தையும் தான் கேட்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். இருவரும் பேருந்தில் திரும்பினர். அவளுடைய மறுமொழி பதினொரு நாள் கழித்து வந்தது. சம்மதம், ஆனால் திருமண நாள் குறிக்குமுன் அவருடைய தாயை நேரில் காண வேண்டும் என்பது அவளுடைய விருப்பம்.

புது மோதிரம் வாங்கவில்லை. பாட்டி கொடுத்த கிளாடா மோதிரம் அவள் வலக்கையில் இருந்தது. டப்ளினில் ஒயிட்பிரையர் தெருக் கார்மேல் சபை ஆலயத்தில் புனித வாலண்டைனின் திருப்பண்டம் உள்ளது. 1836ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் கிரகோரியாரின் கொடையாக வந்தது. பெப்ருவரி 14ஆம் நாள் அங்கே மோதிரங்களை ஆசீர்வதிப்பர். அன்று இருவரும் சென்று, பாட்டியின் மோதிரத்தை ஆசீர்வதித்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டனர். வங்கிக் கடன் எடுக்கவில்லை. மோதிரத்துக்கெனச் சேர்த்திருந்த சிறு தொகையில், அவளும் அவள் தாயும் நம் ஊருக்கு வரப் பயணச்சீட்டு எடுத்திருக்கின்றனர்.

“இப்பொழுது மனம் ஆறிற்றா, அம்மா?” என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

“அந்தப் பதினொரு நாளும் நான் உறங்கவில்லை, ஐயா. என் பிள்ளை உண்டானோ இல்லையோ என்று கலங்கினேன். ஆனாலும் யோசித்துச் சொன்ன பெண். எனக்கு அது போதும்” என்றார்.

எழுந்து செல்லுமுன், அயர்லாந்துக்காரர்களுக்கு நம் சாம்பாரில் காரம் எவ்வளவு போடலாம் என்று நம்மைக் கேட்டார். இதற்கு மட்டும் நம்மிடம் விடை இல்லை.