வாடகை தேதி தவறினால்: தில்லி வீட்டுக்காரருக்கு

மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழர் பலருக்கு இந்த வகை வாடகைதாரரைத் தெரியும். ஏமாற்றுபவர் இல்லை. ஐந்தாம் தேதி தர வேண்டியதை, நாலு முறை போன் போட்ட பிறகு இருபதாம் தேதி தருவார். இவரை என்ன செய்யலாம் என்பது தில்லியில் வாடகைத் தொகையைப் பொறுத்த விஷயம்.

1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போனால் பொருந்தாது. 1988-இல் வந்த இந்த வரம்பு அதன் பிறகு மாறவே இல்லை. ஆகவே இன்று புதிதாக வாடகைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. உள்ளே இருப்பவை தலைமுறைகளாகத் தொடரும் பழைய குடித்தனங்களும் கடைகளும்.

அந்தப் பழைய வீட்டுக்காரர்களின் பாடுதான் கஷ்டம். தாமதம் மட்டுமே காலி செய்ய வைக்கக் காரணம் ஆகாது. பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, இரண்டு மாதத்துக்குள் முழுப் பாக்கியும் வராவிட்டால்தான் வழக்குப் போடலாம். போட்டாலும், ஒரு மாதத்தில் பாக்கியைக் கட்டும்படி வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிடுவார்; கட்டிவிட்டால் முதல் முறை தப்பித்துக்கொள்ளலாம். அப்படித் தப்பியவர் பிறகு தொடர்ச்சியாக மூன்று மாதம் தவறினால்தான் அந்தச் சலுகை போகும். இரண்டு மாதம் இழுத்து மூன்றாவது மாதம் கட்டத் தெரிந்தவர் வருஷக்கணக்கில் ஓட்டலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தனிவட்டி கேட்கலாம் என்கிறது 26-ஆம் பிரிவு. 300 ரூபாய் வாடகைக்கு அது மாதம் மூன்றே முக்கால் ரூபாய்! இதையெல்லாம் மாற்ற 1995-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டமே நிறைவேற்றியது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அது நடைமுறைக்கு வரவே இல்லை.

3,500-க்கு மேல் என்றால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும் நீங்கள் எழுதிய ஒப்பந்தமும்தான் பேசும். முதலில் காரணத்தைக் கேளுங்கள். சம்பளமே பத்தாம் தேதிதான் வருகிறது என்றால், கெடுவைப் பன்னிரண்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டால் பாதித் தகராறு தீரும். ஒப்பந்தத்தில் தேதி, தாமதக் கட்டணம், எத்தனை முறை தவறினால் ஒப்பந்தம் முடியும் என்பதெல்லாம் இருக்கட்டும். எழுதிவிட்டுக் கேட்காமல் விட்டால் அந்தக் கட்டணத்துக்கு மதிப்பில்லை. கெடு தாண்டிய மறுநாளே வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே பாக்கிக்காக வெளியேற்ற வழக்குப் போட்டால், விசாரணையின்போது வட்டியும் செலவும் சேர்த்துக் கட்டுபவரை நீதிமன்றம் மன்னிக்கலாம். அதனால் பெரும்பாலும், பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்துப் புதுப்பிக்காமல் விடுவதே மலிவான வழி என்பேன். காலம் முடிந்த பிறகும் பேசாமல் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால் அது மாதாமாதக் குடித்தனமாக நீடிக்கும். அதை முடிக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் நோட்டீஸ் கெடு முடிந்தபின் வரும் பணத்தை வெறும் வாடகையாக வாங்கினால், நோட்டீஸையே கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். 'என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெறுகிறேன்' என்று எழுதிக்கொடுத்து வாங்குங்கள்.

கோபத்தில் மின்சாரத்தை வெட்டுவதும் பூட்டை மாற்றுவதும் வேண்டாம். மின்சாரத்தை வெட்டுவதை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது. அதற்கு வெளியே உள்ள வீடானாலும், சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அதே வீட்டுக்குள் திரும்ப வரலாம், பாக்கி எவ்வளவு இருந்தாலும்.