பன்னிரண்டு பொத்தான்கள்



அலுவலக மேசையில் இருக்கும் தொலைபேசி பேசுவதற்கு மட்டுமே என்று எண்ணுகிறோம். அதன் பன்னிரண்டு பொத்தான்களால் அதற்குக் கட்டளையும் இடலாம். அது எவ்வாறு என்று காண்போம்.

முற்காலத் தொலைபேசியில் எண்களைச் சுழற்ற வேண்டும். 5 என்று சுழற்றினால் மின்னோட்டம் ஐந்து முறை விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். 0 என்றால் பத்து முறை. 1963 நவம்பர் 18-இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி பொதுமக்களுக்கு வந்தது. இதில் ஒவ்வொரு பொத்தானும் ஒரே சமயத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து எழும். மனிதக் குரலில் இத்தகைய இணை தற்செயலாக அமைவது அரிது. ஆகவே இயந்திரம் எளிதில் ஏமாறாது. 1968-இல் நட்சத்திரக் குறியும் ஹேஷ் குறியும் சேர்ந்தன. "இனி வருவது கட்டளை", "முடிந்தது" என்று இயந்திரத்திற்கு உணர்த்த இவை பெரிதும் உதவுகின்றன.

நாங்குநேரியின் குறியீடு 04635. வெளி இணைப்புக்கு 0 அழுத்த வேண்டிய திருநெல்வேலி அலுவலகம் ஒன்றிலிருந்து நம் ஊருக்குப் பேச இரண்டு பூஜ்யங்கள் தேவை. ஒன்று அலுவலக இயந்திரத்திற்கு, மற்றது எக்ஸ்சேஞ்சுக்கு.

இன்றைய அலுவலகத் தொலைபேசிகள் பல கணினி வலையில் இணைந்தவை. அவற்றிற்கு 192.168.1.25 போன்ற முகவரி வேண்டும். பொத்தான்களில் புள்ளி இல்லையே! பல கருவிகளில் நட்சத்திரத்தை அழுத்தினால் புள்ளி விழும். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255-க்குள் இருக்க வேண்டும். ஒரே முகவரியை இரு கருவிகளுக்குக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். எனவே முதலில் தாளில் எழுதி, அழுத்தியபின் திரையோடு ஒப்பிட்டு, அதன் பின்னரே சேமிக்க வேண்டும். கருவியோடு வந்த இரகசிய எண்ணையும் உடனே மாற்றிவிட வேண்டும்.

இதே பொத்தான்களால் தீமையும் விளையும். கைபேசியில் நட்சத்திரம், 401, நட்சத்திரம், அதன்பின் ஓர் எண் என்று அழுத்தச் சொல்லி மோசடிக்காரர்கள் பலரை ஏமாற்றினர். அவ்வாறு அழுத்தியவருக்கு வரும் அழைப்புகள் யாவும் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும். வங்கி குரல்வழி சொல்லும் இரகசிய எண்ணும் அவன் காதில் விழும். இக்காரணத்தால் 2024 ஏப்ரல் 15 முதல் இவ்வகைக் குறியீட்டால் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

தோழியரே, இதை இன்றே வீட்டில் பாட்டியிடமும் தாத்தாவிடமும் கூறுங்கள். அறியாதவர் சொன்னதற்காக எந்தப் பொத்தானையும் அழுத்தலாகாது. என்ன கட்டளை என்று அறிந்தபின் அழுத்துவதே அறிவுடைமை.