நீரைக் கேட்டுப் புறப்படுவோம்



விடுமுறையில் சொந்த ஊருக்குச் சென்றபோது, காவிரிப் பாசனப் பகுதிப் பெரியவர்கள் ஒருவரையொருவர் கண்டதும் "மேட்டூரில் எத்தனை அடி?" என்று வினவுவதை உங்களுள் சிலர் கேட்டிருப்பீர்கள். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைப் பயிருக்காக அவ்வணையைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. நீர்மட்டத்தைக் குறிக்கும் அந்த ஓர் எண்ணைக் கேட்டறிந்த பின்னரே உழவர் தம் வேலையைத் திட்டமிடுவர்.

அவ்வினா உழவர்க்கு மட்டும் உரியது அன்று. நீர்த்தேக்கப் பூங்காவிற்குச் சென்று கூடாரமிட்டுத் தங்க விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய வினாவும் அதுவே. நீங்கள் இப்போது வாழும் ஊருக்கு அருகிலும் ஏதேனும் ஓர் அணை இருக்கக்கூடும். அங்குச் செல்ல எவ்வாறு திட்டமிடுவது என்பதை, ஒடிசா மாநிலத்தின் ஹீராகுத் நீர்த்தேக்கத்தைச் சான்றாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

பணி செய்யும் நீர்

சம்பல்பூர் நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மகாநதியின் குறுக்கே ஹீராகுத் அணை அமைந்துள்ளது. 'ஹீரா' என்பது வைரத்தையும், 'குத்' என்பது ஆற்றின் நடுவே உள்ள தீவையும் குறிக்கும். அத்தகைய தீவைத் தமிழில் 'ஆற்றிடைக்குறை' என்றும் 'அரங்கம்' என்றும் கூறுவர். திருவரங்கம் காவிரியின் நடுவே அமைந்த அரங்கம் அன்றோ!

இந்திய விடுதலைக்குப் பின் எழுந்த முதல் பெரும் பல்நோக்கு அணைகளுள் இதுவும் ஒன்று. பிரதமர் ஜவாஹர்லால் நேரு 1957 ஜனவரி 13 அன்று இதனைத் திறந்து வைத்தார். முதன்மை அணையின் நீளம் 4.8 கிலோமீட்டர். இரு பக்கத்து மண்கரைகளையும் சேர்த்தால் நீளம் 25 கிலோமீட்டருக்கும் மேல். நீர் நிறைந்திருக்கும்போது அதன் பரப்பு 700 சதுர கிலோமீட்டரைக் கடக்கும்.

காண்பதற்கு இது அமைதியான ஏரிபோல் தோன்றும். ஆயினும் இது ஓய்ந்து கிடக்கும் நீர் அன்று. பணி செய்யும் நீர். வெள்ளத்தைத் தடுப்பது, வயலுக்குப் பாய்வது, மின்சாரம் தருவது, குடிநீராவது ஆகிய அனைத்தும் இதன் பணிகள். அப்பணிகளுக்கு ஏற்ப இதன் மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இதன் முழு நீர்மட்டம் 630 அடி. 'மேட்டூரைவிட ஐந்து மடங்கு ஆழமோ!' என்று வியக்க வேண்டா. மேட்டூரின் 120 அடி, அணையில் தேங்கும் நீரின் உயரம்; ஹீராகுத்தின் 630 அடி, கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படும் உயரம். எண்ணைக் கேட்கும்போது, எங்கிருந்து அளந்த எண் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

எப்போது செல்வது?

ஜூன் திங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின் நீர் விரைந்து ஏறும். வெள்ளம் மிகும்போது மதகுகள் திறக்கப்படும். ஹீராகுத் அணைக்கு 98 மதகுகள் உள்ளன. அக்காலத்தில் கரையோரத்தில் தங்குதல் தகாது. மழை ஓய்ந்தபின் நீர் நிறைந்து நிற்கும். பின்னர்ச் சிறிது சிறிதாகக் குறையும். கோடையில் கரை வெகு தொலைவு பின்வாங்கி, சேற்று நிலம் வெளிப்படும். மேற்கு ஒடிசாவின் கோடை வெயிலும் மிகக் கடுமையானது.

ஆகவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே ஏற்றது. வானம் தெளிந்திருக்கும், தொலைதூர நாடுகளிலிருந்து வரும் வலசைப் பறவைகளையும் அப்போது காணலாம். ஆயினும் இரவுக் குளிர் மிகுதி என்பதை மறத்தல் கூடாது.

எங்கே தங்குவது?

நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டி தேப்ரிகட் காட்டுயிர்ச் சரணாலயம் உள்ளது. 1985 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இக்காட்டில் காட்டெருது, சிறுத்தை, கரடி, நாற்கொம்பு மான் முதலியன வாழ்கின்றன. இங்கு வனத்துறையின் தங்குமிடங்கள் உள்ளன. முன்பதிவு செய்த பின்னரே புறப்பட வேண்டும். மனம் விரும்பிய இடத்தில் கூடாரம் அமைப்பது சட்டப்படி குற்றமாகும். விலங்குகள் நீர் அருந்த வரும் வழியில் படுத்துறங்குவது உயிருக்கும் தீங்காகும்.

கூடாரம் அமைக்க அனுமதி உள்ள இடத்திலும் நிலத்தைப் பார்த்தே அமைக்க வேண்டும். நீர்த்தேக்கக் கரையில், புல் முளைக்காத வெளிறிய பட்டை ஒன்று தெரியும். நீர் முன்பு அவ்வளவு உயரம் நின்றது என்பதற்கு அதுவே அடையாளம். கூடாரம் அதற்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் அமைதல் வேண்டும். காய்ந்த ஓடையின் நடுவிலும், பட்டுப்போன மரத்தின் அடியிலும் அமைத்தல் கூடாது.

நீரருகே நடந்துகொள்ளும் முறை

நீர்த்தேக்கம் என்பது நீரில் மூழ்கிய பள்ளத்தாக்கு. அதனால் கரையிலிருந்து இரண்டடி வைத்தவுடன் தரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். பழைய கிணறுகள், மரக்கட்டைகள், சுவர்கள் ஆகியன நீருக்கடியில் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கும். நீர் வடிந்த இடத்தில் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே சேறு காலைப் பற்றிக்கொள்ளும். ஆகவே, நன்கு நீந்தத் தெரிந்தவரும் இங்கு நீராட இறங்குதல் கூடாது.

அணைக்குக் கீழே உள்ள ஆற்றுப் படுகை மேலும் கவனத்திற்குரியது. பாறைகள் காய்ந்து கிடக்கும். அமர்ந்து உண்ணத் தோன்றும். ஆனால் மதகு திறந்தாலோ மின்நிலையத்திலிருந்து நீர் விடப்பட்டாலோ சிறிது நேரத்தில் ஆறு பெருகிவிடும். அபாயச் சங்கு ஒலித்தால் பொருள்களைத் திரட்டிக்கொண்டிராமல் உடனே மேடேறுங்கள்.

படகைப் பற்றி ஒரு துயர நிகழ்வை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும். 2014 பிப்ரவரியில், இதே ஹீராகுத் நீர்த்தேக்கத்தில், உல்லாசப் பயணம் முடித்து வீடு திரும்பியோரின் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மிகுந்தோர் அதில் ஏறியிருந்தனர். பலர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப் போலவே ஒரு விடுமுறை நாளைக் கழிக்கச் சென்றவர்களே. எனவே, உயிர்காப்பு மேலங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். கூட்டம் மிகுந்தால், "அடுத்த படகில் வருகிறோம்" என்று சொல்லுங்கள். அருகில் உள்ள பெரியவர்கள் "ஒன்றும் ஆகாது, ஏறு" என்றாலும் மறுத்துரைக்க அஞ்சாதீர்கள். அவ்வாறு மறுப்பது பெரியோரை மதியாமை ஆகாது.

எவரேனும் நீரில் விழுந்தால் நீங்கள் குதிக்காதீர்கள். கயிறு, நீண்ட கழி, மூடிய வெற்றுக் குடம் ஆகியவற்றுள் கிடைத்ததை நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். உரக்கக் கூவி உதவிக்கு அழையுங்கள். அவசர உதவி எண் 112.

கொண்டு செல்வனவும் கொண்டு வருவனவும்

பயணத்திற்கு முதல்நாளே ஒரு பட்டியல் எழுதுங்கள்.

1. குடிநீர்: குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர்.
2. உணவு: புளிச்சாதம், இட்லிப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி போன்று தீ மூட்டாமல் உண்ணத்தக்கவை.
3. கம்பளி உடை, போர்வை, தொப்பி, காலை மூடும் காலணி.
4. கைவிளக்கு, முதலுதவிப் பெட்டி, கொசுவலை, நீண்ட கயிறு.
5. வீட்டாரின் தொலைபேசி எண்கள் எழுதிய தாள்.
6. இரண்டு துணிப்பைகள்.

துணிப்பைகள் எதற்கு? ஒன்றில் உணவு செல்லும்; மற்றொன்றில் குப்பை திரும்பி வரும். நெகிழிப் பொருள்களை எடுத்துச் செல்லவே வேண்டா. சோப்புக் கரைத்துப் பாத்திரம் கழுவுவதையும் நீரில் செய்தல் கூடாது. கழிப்பறை இல்லாத இடத்தில், நீர்விளிம்பிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் குழி தோண்டிப் பயன்படுத்தி மூடிவிட வேண்டும். நாம் கழுவிய நீரை யாரோ ஒரு வீட்டில் குடத்தில் பிடிப்பார்கள் என்பதை நினைவிற்கொள்க.

நீருக்கு அடியில் ஓர் ஊர்

இறுதியாக ஒன்று கூற வேண்டும். இந்நீர்த்தேக்கம் வெற்று நிலத்தில் எழுந்தது அன்று. இருநூற்றுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ இதனால் மூழ்கின. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் தம் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறினர். கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில்கள் சில மீண்டும் வெளியே தெரிகின்றன. மேட்டூரிலும் இவ்வாறே, நீர் குறையும்போது பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும்.

நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதியில் 'கால்நடைத் தீவு' என்னும் குன்று உள்ளது. வெளியேறிய மக்கள் உடன் கொண்டு செல்ல இயலாது விட்டுச்சென்ற மாடுகள், நீர் உயர உயர அக்குன்றின்மீது ஏறிப் பிழைத்தன என்றும், அவற்றின் வழிவந்தவையே இன்று அங்குத் திரியும் காட்டு மாடுகள் என்றும் கூறுவர்.

நம் பெற்றோரும் ஊரை விட்டு வந்தவர்களே. ஆயினும் நமக்கு ஊர் இருக்கிறது. விடுமுறையில் பேருந்து ஏறினால் அத்தெருவை அடைந்துவிடலாம். இங்கிருந்து சென்றவர்களுக்குத் திரும்புவதற்கு ஊரே இல்லை. கரையில் மீன் விற்கும் பாட்டியும் படகு செலுத்தும் பெரியவரும் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களாய் இருக்கக்கூடும். அவர்களிடம் பணிவாகப் பேசுங்கள், "உங்கள் ஊர் எது?" என்று கேளுங்கள். கரையில் உரத்த இசையைத் தவிருங்கள்.

எனவே, புறப்படுமுன் நீரிடம் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: இப்போது எத்தனை அடி? எப்போது ஏறுவாய், இறங்குவாய்? உன்னை யார் குடிக்கிறார்கள்? உனக்கு அடியில் யாருடைய ஊர் இருக்கிறது? விடைகளை அறிந்தபின் கூடாரத்தை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அருஞ்சொற்பொருள்

ஆற்றிடைக்குறை – ஆற்றின் நடுவே உள்ள தீவு
மதகு – அணையிலிருந்து நீரை வெளிவிடும் வாயில்
வலசை – பருவம் நோக்கி இடம்பெயர்தல்
படுகை – ஆறு ஓடும் நிலம்

பயிற்சி

1. மேட்டூரின் 120 அடிக்கும் ஹீராகுத்தின் 630 அடிக்கும் அளக்கும் முறையில் உள்ள வேறுபாடு யாது?
2. கரையில் தெரியும் வெளிறிய பட்டை எதனை உணர்த்துகிறது?
3. கூட்டம் மிகுந்த படகில் ஏறுமாறு மாமா அழைக்கிறார். நீங்கள் அவரிடம் கூறும் விடையை மூன்று தொடர்களில் எழுதுக.
4. நீங்கள் வாழும் ஊருக்கு அருகில் உள்ள அணையின் பெயர், ஆறு, முழு நீர்மட்டம் ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதுக.
5. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் பேசி, அவர்கள் ஊருக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு பத்தியாக எழுதுக.