எடை குறைக்கத் தனியே போராட வேண்டாம் – துணை சேர்த்துக்கொள்வோம்



எடை போதாத பிள்ளைகளைப் பற்றியும், இரத்தம் குறைந்த தாய்மாரைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். இம்முறை அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். கூடிப்போன எடையைக் குறைப்பது எப்படி? அதிலும் குறிப்பாக, ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குறைப்பது எப்படி?

"தோட்டத்துல ஏதுங்க எடை கூடுன ஆளு? இதெல்லாம் டவுன் ஆளுங்களுக்குச் சொல்லுங்க" என்று சிலர் சிரிக்கலாம். கிளினிக் நாளில் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்று பாருங்கள். சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் மருந்து வாங்க வருகிறவர்களில் எடை கூடியவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். ஒரே லயக் காம்பராவில் மருமகள் இரத்தம் குறைந்து மெலிந்து கிடக்கிறாள், மாமியாருக்கோ எடை கூடி மூட்டு வலிக்கிறது. இரண்டும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன.

எடை ஏன் ஏறுகிறது?

மலையில் கொழுந்து எடுக்கும்போது ஏற்றமும் இறக்கமும் பாரமும் சேர்ந்து உடம்பில் பெரிய செலவு நடக்கிறது. அந்தச் செலவுக்கு மூன்று ரொட்டியும் சம்பலும், நாலைந்து இனிப்புத் தேத்தண்ணியும் சரியாகப் போய்விடும். ஓய்வு பெற்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும்போது செலவு குறைந்துவிடுகிறது. ஸ்டோரில் நின்று செய்யும் வேலைக்கு மாறியவர்களும், கொழும்பில் கடை வேலைக்குப் போனவர்களும் அப்படித்தான். ஆனால் ரொட்டியின் கணக்கும் சீனியின் கணக்கும் பழையபடியே இருக்கின்றன. வரவு கூடி செலவு குறைந்தால் மிச்சம் சேரத்தானே செய்யும்? அந்த மிச்சம்தான் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகத் தங்குகிறது. இதில் யாருடைய குணத்தையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

யார் குறைக்க வேண்டும்? யார் குறைக்கவே கூடாது?

150 சென்றிமீற்றர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு 42 கிலோ முதல் 52 கிலோ வரை நல்ல எடை. 52ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 62ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம். நம் நாட்டு, இந்திய நாட்டு உடம்புக்கு வயிற்றுக் கொழுப்புத்தான் முதல் எதிரி. அதனால் இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், அதாவது சுமார் 31½ அங்குலம். ஆண்களுக்கு 90 சென்றிமீற்றர், சுமார் 35½ அங்குலம். இதற்கு மேல் போகக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். டெய்லர் டேப் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அதே நூலைச் சுற்றினால் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும்.

கர்ப்பிணித் தாய்மாரும் பால் கொடுக்கும் தாய்மாரும் எடை குறைக்க முயலக் கூடாது. எடை போதாதவர்களும் வளரும் பிள்ளைகளும் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தங்கள் எண்ணப்படி சாப்பாட்டை விட்டால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். அவர்கள் டொக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் எடை தானாகக் குறைகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம், காசநோய் போன்றவை அப்படித்தான் தலைகாட்டும்.

ஏன் சேர்ந்து செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் நியூயோர்க் நகரில் ஜீன் நைடெச் என்று ஒரு குடும்பப் பெண் இருந்தார். கணவர் பஸ் சாரதி. 1961இல் அந்த அம்மாவின் எடை சுமார் 97 கிலோ. நகரசபை சுகாதாரப் பகுதி நடத்திய கிளினிக்குக்குப் போனார். என்ன சாப்பிட வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் சாப்பிடும் பழக்கத்தை அந்த அம்மாவால் அங்கே வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் தெரிந்த ஆறு பெண்களை வீட்டுக்கு அழைத்து, மனதிலிருந்ததைக் கொட்டினார். அவர்களும் தங்கள் தங்கள் களவைச் சொன்னார்கள்! கிழமைக்கு ஒருமுறை கூடினார்கள், ஆளும் கூடியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அந்த அம்மா சுமார் 33 கிலோ குறைந்திருந்தார். 1963இல் அந்தக் கூட்டமே ஒரு கம்பனியாகி, பிறகு பல நாடுகளுக்கும் போனது.

அந்தப் பெண்களுக்கு மருந்தாக இருந்தது பேச்சுத்தான். என்ன சாப்பிடலாம் என்று நம்மில் பலருக்கும் தெரியும். தெரிந்ததை நாளைக்கும் நாளை மறுநாளும் செய்வதற்குத்தான் ஆள் துணை தேவை. நம் பெண்களுக்கு இது புதிதுமல்ல. சீட்டுப் பிடிப்பதும், விறகுக்குப் போவதும், பிள்ளையை நிறுக்கக் கொண்டுபோவதும் கூட்டமாகத்தானே செய்கிறோம்?

நாங்கள் செய்த பிழை

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஏழு பெண்களைச் சேர்த்து இப்படி ஒரு குழு தொடங்கினோம். ஆர்வத்தில் ஒரு பெரிய தாளில் ஏழு பேரின் பெயரையும் கிழமைக்குக் கிழமை எடையையும் எழுதி, பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினோம். போட்டி வந்தால் வேகம் வரும் என்று நினைத்தோம். முதல் நாலு கிழமை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

குழுவில் ஓய்வு பெற்ற ஒரு அக்கா இருந்தார். சீனி வருத்தக்காரர். தீபாவளி முடிந்த கிழமை அவருக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. அதையும் எழுதினோம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு பையன் அதை வாசித்துவிட்டு லயம் முழுக்கச் சத்தம் போட்டுச் சொன்னான். அடுத்த கிழமை அந்த அக்கா வரவில்லை. "வேலை இருக்குமாக்கும்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். டிஸ்பென்சரிக்கு வந்தாலும் அதே தராசு, அதே ஆட்கள் என்பதால் அவர் மருந்துக்கும் வருவதை நிறுத்தியிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்துக் கால் விரலில் ஆறாத புண்ணோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். விரலை எடுக்க வேண்டி வந்தது.

பார்க்கப் போனபோது அந்த அக்கா எங்களிடம் சொன்னார்: "எடை கூடுனதுக்கு நான் அழுவலைங்க. நீங்க ஒரு ஆளாவது வந்து, ஏன் வரலேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அன்றைக்கே அந்தத் தாளைக் கிழித்தோம். புண்ணுக்குக் காரணம் சீனி வருத்தந்தான். ஆனால் அவர் மருந்துக்கு வராமல் போனதற்கு நாங்களும் ஒரு காரணம். இதை மறைக்காமல் எழுதுவது, வேறு தோட்டத்தில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். அந்த அக்கா இன்று மீண்டும் குழுவில் இருக்கிறார். வராதவர் வீட்டுக்கு முதலில் போகிறவரும் அவர்தான்.

குழு நடத்தும் முறை

1. ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஒரே லயத்துக்காரர், அடுத்தடுத்த லயத்துக்காரர் என்றால் நல்லது. ஆண்களும் தங்களுக்குள் ஒரு குழு வைக்கலாம்.

2. கிழமைக்கு ஒரு நாள், ஒரே நேரம், அரை மணித்தியாலம். சம்பள நாளும் திருவிழா நாளும் தவிர்த்து நாளைக் குறியுங்கள்.

3. எடையை ஒவ்வொருவரும் தங்கள் கொப்பியில் மட்டும் எழுத வேண்டும். சொல்ல விரும்பியவர் சொல்லலாம். யாரையும் கேட்கக் கூடாது.

4. எல்லோரும் சொல்ல வேண்டியது வேறு: இந்தக் கிழமை என்ன செய்தேன், எது முடியவில்லை, அடுத்த கிழமை என்ன ஒன்றை மாற்றப் போகிறேன்.

5. குழுவில் பேசியது குழுவோடு. கடையிலும் பீலியடியிலும் அந்தப் பேச்சு வரக் கூடாது.

6. ஒருவர் ஒரு கிழமை வராவிட்டால் இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். புத்தி சொல்லப் போக வேண்டாம், சுகம் விசாரிக்கப் போங்கள்.

தராசு சொல்வதும் சொல்லாததும்

மழை நாளில் கொழுந்து நிறுத்தால் பாரம் கூடும். கூடுவது இலை அல்ல, தண்ணீர். அதனால்தானே தண்ணீருக்கென்று கழிக்கிறார்கள்? உடம்பும் அப்படித்தான். உப்புக் கூடச் சாப்பிட்டால், மாதவிடாய் நெருங்கினால், மலம் போகாவிட்டால் ஒரு கிலோ கூடிக் காட்டும். அது கொழுப்பு அல்ல. அதனால் தினமும் நிறுக்க வேண்டாம். கிழமைக்கு ஒரு தடவை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுத்து, ஒரு மாதக் கணக்காகப் பாருங்கள்.

எவ்வளவு குறைந்தால் பலன்? நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே சீனியும் பிரசரும் இறங்கத் தொடங்கும். 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோதான். கிழமைக்கு அரைக் கிலோ குறைந்தால் தாராளம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று பஸ்ஸிலும் சந்தையிலும் விற்கும் தூளையும் மாத்திரையையும் தொடாதீர்கள்.

தராசு அசையவே இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். சென்னையில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2006இல் வெளியானது. சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்தவர்களை நடக்கவும் சாப்பாட்டை மாற்றவும் வைத்தார்கள். அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் மூன்று ஆண்டில் அவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் ஆபத்து நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. தராசில் தெரியாத நன்மையும் உடம்பில் நடக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

எங்கள் குழுக்களில் சீனியிலிருந்துதான் தொடங்குகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி என்றால் 15 கரண்டி. கரண்டிக்கு 5 கிராம் வைத்தால் 75 கிராம். ஆளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று கரண்டியை ஒன்றாக்கினால் நாளைக்கு 50 கிராம் மிச்சம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சீனி கடைக் கணக்கிலிருந்து கழியும்! ஒரேயடியாக விட முடியாதவர்கள் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்குப் பழகிவிடும். சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சீனிக் கணக்குத்தான். சோடாப் போத்தலில் 2016 முதல் நிற அடையாளம் போடுகிறார்கள். சிவப்பு என்றால் சீனி அதிகம் என்று அர்த்தம்.

ரொட்டி மேல் பழி போட வேண்டாம். மூன்று தின்றவர் இரண்டாக்கி, மூன்றாவதின் இடத்தில் கீரை, போஞ்சி, கோவா வையுங்கள். பருப்போ நெத்தலியோ முட்டையோ கொஞ்சம் இருந்தால் சீக்கிரம் பசிக்காது. உருளைக்கிழங்கு கறியைச் சோற்றுக் கணக்கில் சேருங்கள், மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாராயத்திலும் எடை ஏற்றும் சத்து இருக்கிறது, கூடவே வரும் பொரியலிலும் இருக்கிறது. ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மலையில் வேலை செய்பவருக்குத் தனி நடை தேவையில்லை. வீட்டில் இருப்பவர்கள் கிழமைக்கு ஐந்து நாள், அரை மணித்தியாலம் இருவராக நடக்கலாம். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள்.

சொல்லும் சொல்லில் கவனம்

"என்னா அக்கா, இன்னும் கொறையலியா?" என்று கேட்டால் அந்த ஆள் மறுநாள் வரமாட்டார். "இந்தக் கெழம எத்தன நாள் நடந்தீங்க? நாளைக்கு நானும் வரவா?" என்று கேட்டுப் பாருங்கள். குண்டு, பூசணி என்ற பட்டப்பெயர்கள் வேடிக்கைக்குக்கூட வேண்டாம். எடை கூடிய கிழமையில் வந்து நிற்பவரைத்தான் அதிகம் பாராட்ட வேண்டும், வருவதற்கு அன்றைக்குத்தான் மனத்தைரியம் தேவை.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னொரு ரொட்டி வைக்கட்டா?" என்பது நம் வீட்டில் பாசத்தின் பேச்சு. எடை குறைக்க முயல்பவர் "போதும்" என்றால், அந்த ஒரு வார்த்தையை மதிப்பதும் பாசந்தான். அவருக்கென்று வேறு உலை வைக்க வேண்டியதில்லை. சீனியும் எண்ணெயும் உப்பும் குறைந்த சாப்பாடு பெரியவர் எல்லோருக்கும் நல்லது.

35 வயது தாண்டியவர்கள் முதலில் சீனியும் பிரசரும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்கென்று 2011 முதல் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். நாள், நேரம் எல்லாம் உங்கள் தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ மிட்வைஃப் அம்மாவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குழு தொடங்க விரும்பும் லயத்தார் எங்களிடம் சொல்லுங்கள். தராசும் கொப்பியும் ஒழுங்கு செய்து தருகிறோம். முதல் நாள் நாங்களும் வந்து உங்களோடு உட்காருவோம். சுவரில் மட்டும் எதையும் ஒட்டமாட்டோம்.