விதைநெல்லைக் காப்போம்: கொட்டில்களில் எலித்தொல்லை

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பமொன்றின் கையிலுள்ள பொருட்களுள் பெறுமதியானது எது? அடுத்த போகத்துக்கென்று கட்டிவைத்த விதைநெல் என்றே பலரும் சொல்வர். ஊர் திரும்பும் நாளில் அந்த மூடை இல்லையேல் கடன்பட்டே கமத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த மூடைக்குக் கொட்டிலுக்குள்ளேயே எதிரி ஒன்று உண்டு. அதுதான் எலி.

வளர்ந்த எலியொன்று நாளொன்றுக்கு 15 முதல் 25 கிராம் வரை தானியம் தின்னும். 10 எலிகள் இருந்தால் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ போய்விடும். தின்பதைவிடச் சிறுநீராலும் எச்சத்தாலும் பழுதாக்குவது அதிகம். முளைப்பகுதி கொறிபட்ட நெல் முளைக்காது. எலியின் சினைக்காலம் மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் 6 முதல் 10 வரை குட்டிகள் பிறக்கும்.

"நாளைக்கு விட்டுப் போகிற கொட்டிலுக்கு ஏன் மினக்கெட வேணும்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கொட்டில் தற்காலிகமானாலும், உள்ளே இருக்கும் விதையும் பிள்ளைகளின் உடல்நலமும் அப்படியானவையல்ல.

வழியை அடைத்தல்

சுண்டெலி நுழைய ஒரு பென்சில் பருமனான துவாரம் போதும். பெரிய எலிக்குப் பெருவிரல் பருமனான ஓட்டை போதும். களிமண்ணை மட்டும் வைத்து அடைத்தால் ஓரிரவில் தோண்டிவிடும். சல்லிக்கல்லை இறுக்கி, அதன்மேல் களிமண் பூச வேண்டும். கதவின் அடிப்பகுதிக்கு வெட்டி விரித்த பேணித் தகரத்தை அடிக்கலாம். கொட்டிலைச் சுற்றி ஒரு பாகம் அகலத்துக்குப் புல், விறகு, பழைய கிடுகு எதுவுமின்றித் துப்புரவாக இருக்கட்டும். வெட்டவெளியைக் கடக்க எலி அஞ்சும்.

மூடையை உயர்த்துதல்

மூடையை நிலத்திலோ சுவரோரத்திலோ வைக்கலாகாது. மூன்றடிக்கு மேல் உயரமான தட்டி அமைத்து, ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கூம்பாக வளைத்து, அகன்ற வாய் கீழ்நோக்கியிருக்கக் கட்டுங்கள். ஏறிவரும் எலி அதைத் தாண்டாது. தட்டிக்கும் சுவருக்கும் இடையே மூன்றடி இடைவெளி வேண்டும். நன்கு காய்ந்த விதையாயின் மூடியுள்ள தகரப் பீப்பா இன்னும் சிறந்தது. நிவாரணமாகக் கிடைக்கும் மா, பருப்பு, சீனி ஆகியவற்றையும் மூடியுள்ள பேணிகளிலேயே வையுங்கள். இரவில் எச்சில் பாத்திரம் கழுவாமல் இருத்தலாகாது.

பொறியும் நஞ்சும்

எலி புதிய பொருளைச் சந்தேகிக்கும். ஆகவே சுட்ட தேங்காய்த்துண்டையோ கருவாட்டையோ வைத்து, பொறியை இரண்டு மூன்று நாள் பூட்டாமல் விடுங்கள். பழகியபின் பூட்டுங்கள். எலி சுவரோரமாகவே ஓடும். பொறியையும் அங்கேயே வைக்க வேண்டும். பிள்ளைகள் தவழும் நெருக்கமான கொட்டில்களில் நஞ்சு வைப்பது பேராபத்து. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதையுங்கள். எச்சத்தை உலர்ந்தபடி கூட்டாமல், சவர்க்கார நீர் தெளித்துத் துடையுங்கள்.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் புண்ணுள்ள காலோடு இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். 2008 இல் இலங்கையில் இந்நோய் பெருமளவில் பரவியது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தின் பின் பரவிய காய்ச்சலும் இதுவே எனக் கண்டறியப்பட்டது, உயிர்களும் பறிபோயின. கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன அறிகுறிகள். காய்ச்சல் கண்டதும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். வயலில் அல்லது வெள்ளநீரில் நின்றதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயலில் இறங்குமுன் எடுக்கும் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஒன்றாகச் செய்வோம்

ஒரு கொட்டில் மட்டும் துப்புரவானால் எலி பக்கத்துக் கொட்டிலுக்குக் குடிபெயரும். பின்னர் திரும்பியும் வரும். ஆகவே வரிசையிலுள்ள குடும்பங்கள் யாவும் ஒரே நாளில் சிரமதானமாகக் குப்பையைப் புதைத்து, ஓட்டைகளை அடைத்து, பொறிகளை மாறிமாறிப் பாவிக்கலாம். தகரம் வெட்டத் தெரிந்தவர் ஒருவர், தட்டி கட்டத் தெரிந்தவர் இன்னொருவர் என எல்லா வரிசையிலும் இருப்பர். வயோதிபர் தனித்திருக்கும் கொட்டிலில் முதலில் தொடங்குங்கள். அடுத்த மழைக்குள் இவ்வேலை முடியட்டும்.