உஷார்! ஆளையும் அட்டையையும் ஒரே கையில் கொடுத்துவிடாதீர்கள்

கள்ளிக்காடு, வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை, அந்தப் பக்கம் களியக்காவிளை, அருமனை, பத்துகாணி. கேரள-தமிழ்நாடு எல்லையின் இருபுறமும் இருக்கிற வீடுகளுக்கு இதை அவசரமாக எழுதுகிறேன். குறிப்பாக, படுத்த படுக்கையில் ஒரு பிள்ளையோ, அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு தம்பியோ, மனநோயோடு ஓர் அண்ணனோ இருக்கிற வீடுகளுக்கு. அவர்களுக்குச் சேவை செய்யப் புறப்பட்டிருக்கிற நல்ல மனசுக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும்.

யாராவது வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க படுத பாடு போதும். பையன நாங்க பாத்துக்கிடுதோம். ஆதாரும் ஏடிஎம் கார்டும் மட்டும் தாங்க, பென்சன வச்சே செலவு நடந்துபோவும்" என்று சொன்னால், தயவுசெய்து அந்த நிமிஷமே தலையாட்டி விடாதீர்கள். சொல்கிறவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. பல சமயம் அவர் மெய்யாகவே இரக்கப்பட்டுத்தான் வருகிறார். ஆபத்து அவருடைய குணத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. ஆள் அவரிடம், அட்டை அவரிடம், கையெழுத்தும் அவரிடம் என்றாகி, வெளியாள் ஒருவர்கூட எட்டிப் பார்க்காத இடமாகவும் அது இருந்துவிட்டால், இன்றைக்கு நல்லவராக இருப்பவரை நாளைக்கும் நல்லவராக வைத்திருக்க அங்கே எதுவுமே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேரளத்தில் சமூக நலப் பென்சன் 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகையும் 2,000 ரூபாய்தான். முப்பது பேரின் ஏடிஎம் அட்டை ஒரு மேசை இழுப்பறைக்குள் இருந்தால் மாதம் 60,000 ரூபாய். அதற்கு ரசீது கேட்க அந்த முப்பது பேரில் பலருக்கு வாயில்லை, எழுத்தில்லை. நன்கொடை வசூல் இதில் சேராது.

இது கற்பனைப் பயம் இல்லை. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்புஜோதி ஆசிரமத்தைப் பற்றி 2023 பிப்ரவரியில் செய்தித்தாள்களில் எல்லோரும் படித்தோம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடி உறவுக்காரர்கள் போனபோது ஆள் அங்கே இல்லை. பெங்களூருக்கு மாற்றிவிட்டதாகப் பதில் வந்தது. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். உரிய அனுமதி இல்லாமல் நடந்த அந்த இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, காணாமல் போனவர்கள் என்று புகார்கள் வெளிவந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அத்தனை காலம் ஊருக்கு அது ஒரு தர்ம ஸ்தாபனம். பெயரிலேயே அன்பு இருந்தது.

அதற்கும் முன்னால் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஓலைக்கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் எரிந்து செத்தார்கள். ஏர்வாடி நமக்குத் தூரத்து ஊர் இல்லை. கேரளத்திலிருந்தும் குமரி மாவட்டத்திலிருந்தும் பஸ் பிடித்து ஆளைக் கொண்டுபோய் விட்டு வருகிற வழக்கம் இருந்த இடம் அது. விட்டு வந்தவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இதற்குமேல் முடியாது என்று ஆனவர்கள்.

அந்த முடியாமைதான் எல்லாவற்றுக்கும் வேர், அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெள்ளறடைப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. மகனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம். புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அம்மா தன் முழங்காலைக் கட்டிலின் சட்டத்தில் ஊன்றி, ஒரு கையை அவன் தோளுக்கு அடியிலும் மறுகையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், இடுப்பு நிமிர நேரமாயிற்று. கட்டில் காலில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கியது. ரேஷன் கார்டு, ஊனச் சான்று, யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வலிப்பு மாத்திரைச் சீட்டு, பாங்கு புத்தகம் எல்லாம் அதற்குள்ளேயே. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கேட்கிறவர் கையில் அந்தக் கவரை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட ஒரு நொடி போதும், அதுவும் மூன்று ராத்திரி தூங்காத ஒருத்தருக்கு.

அந்த அம்மாவுக்கு வேண்டியது வாரத்தில் ஒரு முழு ராத்திரித் தூக்கமும் பகலில் இரண்டு மூன்று மணி நேர ஓய்வும்தான். பையனை ஒரேயடியாகக் கூட்டிப்போக ஆள் வருகிறது, இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் வருவதில்லை. சேவை தொடங்க நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடம் மாறிப்போகிறார்கள் என்பது என் திடமான எண்ணம். எடுத்த எடுப்பிலேயே கட்டடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா என்று போகிறார்கள். கட்டடம் வந்தால் அதை நிரப்ப ஆள் வேண்டும், ஆளுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்குப் பணம் வேண்டும். கடைசியில் கை அந்த பிளாஸ்டிக் கவருக்குத்தான் நீளும். வீடுவீடாகப் போய் மணிக்கணக்கில் ஆள் மாற்றி ஆள் உட்காரும் நாலு பேர் கொண்ட குழு ஒன்று இருந்தால், பல பிள்ளைகள் வீட்டைவிட்டே போக வேண்டியிருக்காது.

நம் பக்கத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கேரள அரசு 2008-ல் சாந்த்வன (பாலியேட்டிவ்) சிகிச்சைக்கென்று, அதாவது வலி தணித்துப் பராமரிப்பதற்கென்று, தனிக் கொள்கை கொண்டுவந்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பஞ்சாயத்துதோறும் பாலியேட்டிவ் நர்ஸ் படுத்த படுக்கையான கிடப்பு ரோகிகளைத் தேடி வீட்டுக்கே வருவது அந்தக் கொள்கையால்தான். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் குடும்பஸ்ரீ இயக்கமும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளிகள் இருக்கின்றன, பதினெட்டு தாண்டியவர்களுக்கு மறுவாழ்வு மையங்களும் உண்டு. முதல் பட்ஸ் பள்ளி 2004-ல் நம் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில்தான் தொடங்கியது. பராமரிக்கிறவருக்கென்றே மாதம் 600 ரூபாய் தரும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் இருக்கிறது, நின்று நின்று வந்தாலும். நர்ஸ், ஆசா வர்க்கர், அங்கன்வாடி டீச்சர், வார்டு மெம்பர் ஆகிய இவர்கள் எல்லாம் உதவி மட்டும் இல்லை, வெளிக்கண்கள். ஆளை எல்லை தாண்டிக் கொண்டுபோனதும் அத்தனை கண்ணும் ஒரே நாளில் மூடிப்போகிறது.

எல்லையில் இருப்பவர்களுக்கு இது இரட்டை ஆபத்து. 1956-ல் மாநில எல்லை பிரிந்து, விளவங்கோடும் கல்குளமும் அந்தப் பக்கம் போய் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றதிலிருந்து நமக்குச் சொந்தம் அங்கே, ரேஷன் கார்டு இங்கே. யுடிஐடி அட்டை நாடு முழுக்கச் செல்லும். பென்சன் அப்படி இல்லை, குடியிருக்கும் மாநிலத்தோடு கட்டுப்பட்டது. மார்த்தாண்டத்துக்கு அப்பால் எங்கோ ஓர் இல்லத்தில் ஆளை விட்டுவிட்டு, இங்கே அவர் பெயரில் பென்சன் வாங்கிக்கொண்டிருந்தால் சிக்கல் வீட்டுக்காரர்களுக்குத்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பென்சன் வாங்குகிறவர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் மஸ்டரிங் சமயத்தில் ஆள் இல்லையென்றால் பென்சனே நின்றுவிடும். கிடப்பு ரோகிக்கு அக்ஷயா மைய ஆட்கள் வீட்டுக்கே வந்து மஸ்டரிங் செய்வார்கள் என்பதைக்கூடத் தெரியாமல் ஏஜென்டிடம் ஆயிரங்களைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "ஊனச் சதவீதம் கூட்டி வாங்கித் தாறேன்" என்கிறவனையும் கிட்டவே சேர்க்காதீர்கள். அதே 91-வது பிரிவு உங்கள் கழுத்துக்கு வரும்.

இல்லத்தில் சேர்த்தே ஆக வேண்டிய நிலைமையும் சில வீடுகளுக்கு வரும், அதை மறுக்கவில்லை. அப்போது முதல் கேள்வி பதிவுச் சான்று. 2016 சட்டப்படி பதிவு இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு யாரும் இல்லம் நடத்தக் கூடாது, சான்றைக் கண்ணில் படும்படி மாட்டியும் வைக்க வேண்டும். மனநோயாளிகளை வைத்திருக்கும் இடமென்றால் 2017 மனநலச் சட்டப்படி தனிப் பதிவு. இரண்டும் மத்திய சட்டங்கள், களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். "அப்ளை செய்திருக்கோம், வந்துவிடும்" என்ற பதிலை நம்பி ஆளை விட்டுவிட்டு வராதீர்கள். அசல் ஆவணம் எதையும் கொடுக்காதீர்கள், நகல் போதும், அதன் மேல் எதற்காகக் கொடுத்தது என்று பேனாவால் குறுக்கே எழுதுங்கள். பணத்தை மாதாமாதம் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து, கைநாட்டு கூடவே கூடாது.

பதினெட்டு வயதானதும் அம்மா அப்பாகூடத் தானாகச் சட்டப்படி பாதுகாவலர் ஆவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்நிலைக் குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். நீங்கள் அதை வாங்காமல் விட்டால், அந்த இடத்தை வேறொருவர் கேட்டுப் போய் நிற்கலாம். நிராமயா மருத்துவக் காப்பீடும் இதே நான்கு பிரிவினருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, வருஷாவருஷம் புதுப்பிக்காவிட்டால் காலாவதி.

சேவை நடத்துகிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன், இது உங்கள் பாதுகாப்புக்கும்தான். யாருடைய ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைக்காதீர்கள். மாத்திரை கொடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று நோட்டில் கையெழுத்தோடு எழுதுங்கள். வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரே போகலாம், அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப்போவது அந்த நோட்டுதான். பெண்கள் இருக்கும் அறை இரவில் பெண் ஊழியர் இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. கதவை வெளியிலிருந்து பூட்டவே பூட்டாதீர்கள், ஏர்வாடியை நினையுங்கள். நேரம் சொல்லாமல் வருகிற உறவினரை உள்ளே விட முடியாத இல்லம் என்றால், அதை இன்றைக்கே மூடிவிடுவது நல்லது.

ஏற்கெனவே யாரையாவது சேர்த்திருக்கிறவர்கள் இந்த வாரமே போங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். வரவேற்பறையில் கூட்டிவந்து காட்டினால் போதாது, அவர் படுக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். சட்டையைத் தூக்கி முதுகைப் பாருங்கள். இடுப்பெலும்பு, குதிகால் இரண்டிலும் தோல் சிவந்திருக்கிறதா, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிற்றுத் தடம் இருக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, எப்போதும் இல்லாத தூக்கமயக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். உங்களைக் கண்டதும் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும், அது மாறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

தடுத்தாலோ சந்தேகம் வந்தாலோ சண்டை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் உடனே 112. இல்லையென்றால் அந்த இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்குள்ள ஆர்டிஓவுக்கோ தாசில்தாருக்கோ எழுதிக் கொடுங்கள். 2016 சட்டத்தின் 7-வது பிரிவுப்படி நிர்வாகத்துறை நடுவர் என்ற முறையில் அவர்கள் இப்படிப்பட்ட புகாரில் உடனே நடவடிக்கை எடுக்க முடியும். புகாரை உறவினர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் 15100-ல் இலவச சட்ட உதவி கிடைக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இதையெல்லாம் சுமக்கிற அம்மாவுக்கே மனசு உடைந்துபோனால் மனநல உதவி எண் 14416, தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், எந்த நேரமும்.